வயோதிகர் இருமலும் க்ஷயரோகப் பரீக்ஷையும்

கிராமங்களில் 60 வயது கடந்தவர் இருமினால், வயதின் கோளாறு என்று வீட்டார் சொல்லிவிடுவது வழக்கம். பீடியின்மேலும் அடுப்புப் புகையின்மேலும் பழியைப் போட்டு, மாதக்கணக்கில் கஷாயம் கொடுத்து வருவார்கள். அம்மாதங்களில் க்ஷயரோகம் அவருடைய சுவாசப்பையை அரிப்பதுமன்றி, அவருடன் படுத்துறங்கும் பேரக்குழந்தைக்கும் தொற்றக்கூடும்.

முதுமையில் இந்நோயை அறிவது கடினமாவதற்குக் காரணங்கள் உண்டு. இளமையில் உட்புகுந்த கிருமிகள் பல்லாண்டுகள் அடங்கிக் கிடந்து, தேகபலம் குன்றும்போதும் நீரிழிவு கண்டபோதும் தலையெடுக்கின்றன. வாலிபரிடம் காணும் மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, கபத்தில் இரத்தம் ஆகியவை வயோதிகரிடம் தெளிவாகத் தோன்றாமலிருக்கலாம்; பசியின்மை, மெலிவு, அசதி இவையே அடையாளமாக நிற்கலாம். தோலில் ஊசியிட்டுச் செய்யும் சோதனையும் முதியோரிடம் பொய்ப்பதுண்டு. எக்ஸ்ரே படத்தில் நிழல் சுவாசப்பையின் கீழ்ப்பாகத்தில் விழுந்து, நிமோனியாவோ புற்றுநோயோ என்று மயங்கச் செய்வதுமுண்டு.

ஆகையால் கபப் பரீக்ஷையே பிரதானமாகும். 1882-ம் வருஷத்தில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இக்கிருமியைக் கண்டறிந்து வெளியிட்டார். அதுமுதல் பூதக்கண்ணாடியால் கபத்தைச் சோதிப்பது நடந்து வருகிறது. பூதக்கண்ணாடிக்குத் தப்பும் சொற்பக் கிருமிகளையும் மரபணுவைக் கொண்டு காட்டும் யந்திரங்கள் இப்போது உள்ளன.

2 வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரியை அடையவேண்டும். அங்கே சோதனையும் மருந்தும் இலவசம். வாயைக் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கபமே உதவும், எச்சில் பயன்படாது. காற்றோட்டமான வெளியிடத்தில், பிறர் அருகில் இல்லாதபோது இதைச் செய்தல் நலம். காலையில் எழுந்தவுடன் வரும் கபம் மிகச் சிறந்தது. கிருமி காணவில்லை என்று முடிவு வந்தபோதிலும் இருமலும் மெலிவும் நீடித்தால் வாளாவிருத்தல் கூடாது. புற்றுநோய் முதலிய வேறு வியாதிகளும் இவ்வாறே தொடங்குமாகையால், மேற்கொண்டு வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நோய் என்று தெரிந்தால் வீட்டைவிட்டு விலக்குவார்களோ என்று முதியோர் அஞ்சுகின்றனர். சென்னையில் 1956-ல் தொடங்கிய க்ஷயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்பவரும் விசேஷ ஆஸ்பத்திரியில் தங்கினவருக்கு ஒப்பக் குணமடைவதை 1959-ல் நிரூபித்தது. மருந்துக்குக் கட்டுப்படும் நோயாயின், சாதாரணமாக 6 மாதம் தவறாது உண்டால் குணம் ஏற்படும். இடையில் நிறுத்தினால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும்.

சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் நெடுநாள் இருமும் முதியவரை விசாரித்து, ஆஸ்பத்திரிக்குத் துணையாக அழைத்துச் செல்வாராயின், அக்குடும்பத்தின் சிசுக்களையும் காத்தவராவார்.