கேப்டன் நெமோ எந்த ஊர்க்காரர்?

ஜூல்ஸ் வெர்ன் எழுதிய, கேப்டன் நெமோவின் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கதையைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலோர் முதலில் சொல்வது ராட்சதக் கணவாயைத்தான். நாவலைக் கையால் தொடாதவர்களுக்கும் அந்தச் சண்டை தெரியும். 1954-இல் வந்த டிஸ்னி படம் செய்த வேலை அது. இயக்குநர் ரிச்சர்ட் ஃப்ளைஷர் முதலில் அந்தச் சண்டையை அந்தி வெளிச்சத்தில், அலையில்லாத கடலில் எடுத்தார். கணவாயை ஆட்டிய கம்பிகள் அப்பட்டமாகத் தெரிந்தன. எடுத்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இரவு, புயல், கொட்டும் மழை என்று மாற்றி மறுபடியும் எடுத்தார்கள். சிறப்புக் காட்சிகளுக்கும் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கர் வந்தது. ஜேம்ஸ் மேசனின் நெமோவை ஒருமுறை பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த நாவலின் உயிர்நாடி அந்தச் சண்டையில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அது நம் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது.

இரண்டாம் பாகத்தில் நாட்டிலஸ் இலங்கைக் கரையோரம் வருகிறது. மாதம் ஜனவரி, முத்துக்குளிப்பு தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. நெமோ, பேராசிரியர் அரொனாக்ஸ், அவருடைய உதவியாளர் கான்செய், ஈட்டிக்காரன் நெட் லாண்ட் நால்வரும் செம்புத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கடலடியில் நடக்கிறார்கள். மேலே ஒரு சிறு படகின் அடிப்பாகம் தெரிகிறது. தனியாளாக வந்த ஒரு ஏழை, காலிடுக்கில் கல்லைப் பிடித்துக்கொண்டு கயிற்றோடு இறங்குகிறான். மண்டியிட்டுக் கைக்குக் கிடைத்த சிப்பிகளைப் பையில் திணிக்கிறான். அரை நிமிடத்தில் மேலேறி, பையைக் கொட்டி, கல்லை இழுத்து, மறுபடி இறங்குகிறான். ஒரு முழுக்குக்குப் பத்துச் சிப்பி தேறினால் பெரிது. அதிலும் முத்து இருக்குமா என்பது யாருக்குத் தெரியும்?

சுறா வருகிறது. வாலடியில் அவன் சாய்கிறான். நெமோ வெறும் கத்தியோடு சுறாவின் மேல் பாய்கிறார், கடைசியில் அதன் உடல் கனத்தில் தாமே கீழே விழுகிறார். நெட் லாண்டின் ஈட்டி அவரைக் காப்பாற்றுகிறது. பிறகு, முத்துக்குளித்தவன் படகில் கண் விழிக்கும்போது, நான்கு பெரிய செம்புத் தலைகள் அவன் மேல் குனிந்திருக்கின்றன. அவன் நடுங்குகிறான். நெமோ ஒரு பை நிறைய முத்துகளை அவன் கையில் வைக்கிறார். எதற்காக உயிரைப் பணயம் வைத்தீர்கள் என்று அரொனாக்ஸ் பிறகு கேட்டதும், அந்த மனிதன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன், கடைசி மூச்சுவரை நானும் அந்த நாட்டுக்காரன்தான் என்ற பொருளில் பதில் சொல்கிறார். மனிதகுலத்தோடு உறவே வேண்டாம் என்று கடலுக்குள் போனவர் வாயிலிருந்து வரும் பேச்சு இது.

வெர்ன் முதலில் நெமோவை ரஷ்யர்களால் குடும்பத்தை இழந்த போலந்துப் பிரபுவாகத்தான் நினைத்திருந்தார். ரஷ்யாவில் விற்பனை போய்விடும் என்று பதிப்பாளர் ஹெட்ஸெல் தடுத்தார். அதனால் 1869-70இல் தொடராக வந்த நாவலில் நெமோவுக்கு ஊரும் பேரும் இல்லாமல் போயிற்று. 1874-75இல் வெளியான ‘மர்மத் தீவு’ நாவலில்தான் பதில் கிடைக்கிறது: நெமோ, புந்தேல்கண்ட் இளவரசர் தக்கார், திப்பு சுல்தானின் உறவினர், 1857 கிளர்ச்சியில் போராடி எல்லாவற்றையும் இழந்தவர். திப்பு இறந்தது 1799-இல் என்பதால் அந்த உறவு சற்று இடிக்கும். இரு நாவல்களின் காலக்கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துவராது. அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. மன்னாரில் சொன்ன வார்த்தைக்கு அங்கே பொருள் கிடைத்துவிடுகிறது. ஆங்கிலத்துக்குப் போனபோது, பிரிட்டிஷ் ஆட்சியைச் சாடும் நெமோவின் பேச்சை மொழிபெயர்ப்பாளர்கள் மாற்றிவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

திரையில் என்ன ஆயிற்று? 1916-இல் ஸ்டூவர்ட் பேட்டன் இயக்கிய மௌனப் படம் இரண்டு நாவல்களையும் கலந்து, நெமோவை இந்திய இளவரசராகவே காட்டியது. நடித்தவர் முகத்தில் கருமை பூசிக்கொண்ட வெள்ளையரான ஆலன் ஹோலுபார். கடலடிக் காட்சிகளை வில்லியம்சன் சகோதரர்கள் பஹாமாஸ் கடலில் எடுத்தார்கள். கண்ணாடிச் சன்னல் வைத்த உருண்டையைக் குழாய் வழியே இறக்கி, கேமராவோடு அதற்குள் உட்கார்ந்துகொண்டார்கள். முத்துக்குளிப்பவனும் அந்தப் படத்தில் உண்டு. சுறாவுக்குப் பதில் அவனைப் பிடிப்பது ஆக்டோபஸ்.

டிஸ்னி படத்தில் இளவரசரும் இல்லை, மன்னாரும் இல்லை. நெமோ ஒரு கற்பனைச் சிறைத்தீவின் முன்னாள் கைதி. அந்தப் படத்தில் நெமோவைக் கணவாய் பிடிக்கிறது, நெட் காப்பாற்றுகிறான். நாவலில் இது நேர் எதிர்: கணவாயின் அலகிலிருந்து நெட்டை மீட்பவர் நெமோ. மன்னாரில் பட்ட கடனை அங்கே தீர்க்கிறார். முத்துக்குளிப்பை வெட்டியதும் அந்தக் கணக்கு அறுந்துபோகிறது, கணவாய்ச் சண்டை வெறும் சண்டையாகிவிடுகிறது. நாவலில் அந்தச் சண்டையில் தன் தோழன் ஒருவனைக் கடலுக்குப் பறிகொடுத்து நெமோ கண்ணீர் விடுவதை வாசகர்கள் மறப்பதில்லை.

1975-இல் சோவியத் தொலைக்காட்சிப் படம் நெமோவின் இந்திய வாழ்வைச் சொன்னது. 2003-இல் ‘தி லீக் ஆஃப் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜென்டில்மென்’ படத்தில் நசிருத்தீன் ஷா நெமோவானார். கம்பீரம் இருந்தது, கதைதான் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. 2024-இல் வந்த ‘நாட்டிலஸ்’ தொடரில் ஷஸாத் லத்தீஃப் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைதியாக வருகிறார். டிஸ்னி எடுத்து முடித்துக் கைவிட்ட தொடர் அது. வேறு நிறுவனங்கள் வாங்கி வெளியிட்டன. நெமோவின் கோபத்துக்கு இத்தனை தெளிவாகக் காரணம் சொன்ன படைப்புகள் குறைவு.

நாவலில் மீன்களின் பெயர்ப் பட்டியல்கள் பக்கம் பக்கமாக வரும். அதைக் கண்டு சலித்துப் பாதியில் மூடியவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என் யோசனை: பட்டியல்களைத் தாண்டிப் படியுங்கள், தவறில்லை. சுருக்கப் பதிப்பை மட்டும் தொடாதீர்கள். முழு மொழிபெயர்ப்பாகப் பார்த்து வாங்கி, முத்துக்குளிப்பு வரும் இரண்டாம் பாகத்தின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கினாலும் சரிதான்.