குழம்பு ‘ஹாட்’! சூடா, காரமா?

அக்கா மகள் ஆறாம் வகுப்பு. அன்று சாயங்காலம் ஆங்கில நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். ‘தி கறி இஸ் ஹாட்’ என்பதைத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார் டீச்சர். இவள் ‘குழம்பு சூடாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறாள். பக்கத்துத் தோழி எழுதியது, ‘குழம்பு காரமாக இருக்கிறது’. இரண்டுக்குமே டீச்சர் சரி போட்டுவிட்டார்.

“அதெப்படி மாமா ரெண்டும் சரியாகும்?”

ஆகும். வெயிலும் ஹாட்தான், வெந்நீரும் ஹாட்தான், பச்சை மிளகாயும் ஹாட்தான். காரத்துக்கு ‘ஸ்பைசி’ என்று இன்னொரு சொல்லும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் பட்டையும் ஏலக்காயும் போட்ட இனிப்புக் கேக்கைக்கூட அவர்கள் ஸ்பைசி என்பார்கள்! நமக்கு இந்தத் தொல்லை இல்லை. ஃபிரிட்ஜில் வைத்த ஊறுகாய் காரம். ஆற்றாத பால் சூடு. ஒன்றை மற்றொன்றாக நாம் சொல்லவே மாட்டோம்.

சூட்டுக்கும் காரத்துக்கும் ஒரே சொல் வைத்திருப்பதை, சின்ன வயதில் ஆங்கிலத்தின் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் நம் நாக்கிடம் கேட்டால் அது ஆங்கிலத்தின் பக்கம்தான் பேசும்.

நாக்கிலும் தோலிலும் உள்ள நரம்பு முனைகளில் நுண்ணிய கதவுகள் மாதிரி சில புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் டி.ஆர்.பி.வி.1. (வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள், ‘சூட்டுக் கதவு’ என்றே வைத்துக்கொள்வோம்.) சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு பட்டால் அது திறக்கும். உடனே மூளைக்குத் தகவல் போகும்: “ஐயோ, சுடுகிறது!”

மிளகாயில் கேப்சைசின் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. அது கள்ளச் சாவி. துளிச் சூடுகூட இல்லாமலே அதே கதவைத் திறந்துவிடும். மூளைக்கு வித்தியாசம் தெரியாது. வாய் வெந்துபோகிறது என்று நம்பி, உடம்பைக் குளிரவைக்க வியர்வையை வரவழைக்கும். ஊறுகாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் சூடு ஒன்றும் ஏறியிருக்காது!

இந்தக் கதவை 1997இல் கண்டுபிடித்தது, அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு. அதைத் தேடிப் பிடிக்க அவர்களுக்கு உதவியதே கேப்சைசின்தான். 2021இல் மருத்துவ நோபல் பரிசை அவரும், தொடு உணர்வை ஆராய்ந்த ஆர்டெம் படபூட்டியனும் பகிர்ந்துகொண்டார்கள்.

காரமான குழம்பு சுடச்சுட இருந்தால் ஏன் கூடுதலாக எரிகிறது என்று இப்போது புரிகிறதா? கேப்சைசின் பட்ட கதவு, 43 டிகிரி வரை காத்திருக்காது. சாதாரண வெதுவெதுப்புக்கே திறந்துகொள்ளும். அப்போது தண்ணீர் குடித்துப் பயனில்லை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலோ தயிரோ நல்லது. அவற்றிலுள்ள புரதம் கேப்சைசினைப் பிடித்து நாக்கிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

மிளகாய் நம் ஊர்ச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. அதுவரை நம் சமையலில் காரத்துக்கு மிளகு இருந்தது. மிளகைப் போலக் காரமாக ஒரு காய் வந்ததும் ‘மிளகாய்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அருமையான பெயர்! மிளகின் காரம் பைப்பரின் என்ற வேறொரு பொருளால் வருவது. ஆனால் அதுவும் இதே சூட்டுக் கதவைத்தான் தட்டுகிறது.

கிளி எப்படி மிளகாயை அலட்சியமாகக் கொறிக்கிறது? பறவைகளுக்கும் சூட்டுக் கதவு உண்டு. ஆனால் அதில் இந்தக் கள்ளச் சாவி பொருந்தாது. அவ்வளவுதான்.

புதினா மிட்டாயிலும் இதே ஏமாற்று வேலை உண்டு. அதிலுள்ள மென்தால், ‘குளிர்க் கதவை’த் திறக்கிறது. மிட்டாயைச் சப்பிவிட்டுப் பானைத் தண்ணீர் குடித்துப் பாருங்கள், ஐஸ் தண்ணீர் போல ஜில்லென்று இருக்கும்.

இதைத் தாராளமாகச் செய்து பார்க்கலாம். மிளகாய் நறுக்கிய கையோடு மட்டும் கண்ணைக் கசக்கிவிடாதீர்கள். சூட்டுக் கதவு அங்கேயும் இருக்கிறது.