மெய்நிகர் இயந்திரங்களில் ஓட்டத்தில் செருகுதலும் அதன் கட்டுப்பாடும்

ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்தாமலேயே அதில் ஒரு சாதனத்தைச் சேர்ப்பதும் கழற்றுவதும் ஹாட்-பிளக் எனப்படும். இக்கட்டுரை அதை ஓட்டத்தில் செருகுதல் என்று குறிக்கிறது. மெய்நிகர் இயந்திரத்தில் நெட்வொர்க் கார்டு, வட்டு போன்றவை பெரும்பாலும் மென்பொருளால் ஆனவை. கையால் தொடக்கூடிய செருகுவாய் கிடையாது. எந்தச் சாதனத்தை ஓட்டத்தில் கழற்றலாம், எதைக் கூடாது என்று விருந்தினர் இயங்குதளத்துக்குச் சொல்வது எமுலேட்டர்தான். பல அமைப்புகளில் அது இயல்பாகச் சொல்லும் பதில், ஏறக்குறைய எல்லாவற்றையும் கழற்றலாம் என்பதே.

பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கூடங்களை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாதாரணத் தறியில் நாடாவுக்குள் இருக்கும் தார் தீர்ந்தால் தறியை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். தானியங்கித் தறி ஓட்டத்திலேயே தாரை மாற்றிக்கொள்ளும். ஆனால் எந்தத் தறியிலும் பாவு உருளையை ஓட்டத்தில் கழற்ற ஒருவரும் விடமாட்டார்கள். மெய்நிகர் இயந்திரத்திலும் தாரைப் போன்ற சாதனங்கள் உண்டு, பாவைப் போன்றவையும் உண்டு. இரண்டையும் ஒரே மாதிரி திறந்து வைப்பதால்தான் வம்பு வருகிறது.

விண்டோஸின் அந்தச் சிறு சின்னம்

திருப்பூர் வட்டாரத்துப் பின்னலாடை அலுவலகம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். ஒரே லினக்ஸ் சர்வர்; அதில் கேவிஎம், கியூஎமு; அதன்மேல் ஒரு விண்டோஸ் மெய்நிகர் இயந்திரம். கணக்கர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் நுழைந்து டேலியில் பில் போடுகிறார்கள். திரையின் கீழ் மூலையில், பென் டிரைவைப் பாதுகாப்பாக எடுப்பதற்கான சின்னம் தெரிகிறது. அதைச் சொடுக்கினால் வரும் பட்டியலில் பென் டிரைவ் இல்லை. மெய்நிகர் நெட்வொர்க் கார்டு இருக்கிறது. செருகுவாயைக் கழற்றத்தக்கது என்று எமுலேட்டர் சொல்லியிருப்பதால் விண்டோஸ் அதை அப்படியே காட்டுகிறது.

நிர்வாகி உரிமையுடன் நுழைந்த ஒருவர் அதைச் சொடுக்கிவிட்டால் அந்த நொடியே எல்லோருடைய இணைப்பும் அறும். சொடுக்கியவராலேயே திரும்ப உள்ளே போய்ச் சரிசெய்ய முடியாது, ஏனெனில் போகும் வழியே அந்தக் கார்டுதான். விண்டோஸை மட்டும் மறுதொடக்கம் செய்வதும் பல வேளைகளில் பயன் தராது. கழற்றப்பட்ட சாதனம் கியூஎமு நிரலிலிருந்தே நீக்கப்பட்டுவிடுகிறது. அந்த நிரல் முடிந்து புதிதாகத் தொடங்கும்வரை கார்டு திரும்பாது. லினக்ஸ் சர்வரில் நுழைந்து மெய்நிகர் இயந்திரத்தை முழுவதும் அணைத்து மீண்டும் இயக்க வேண்டும், அல்லது கார்டைக் கட்டளை மூலம் மறுபடி செருக வேண்டும். ஏற்றுமதிச் சரக்கு லாரியில் ஏறிய மாலையில், சர்வரை அமைத்துக் கொடுத்தவர் தொலைபேசியை எடுக்காவிட்டால், பில் மறுநாள்தான்.

அன்றாட வேலைக்கு எல்லோரும் நிர்வாகிக் கணக்கிலேயே நுழையும் வழக்கம் சிறு அலுவலகங்களில் உண்டு. அதை மாற்றுவது முதல் பாதுகாப்பு, செலவும் இல்லை.

கழற்றுதல் என்பது ஒரு வேண்டுகோள்

ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2003இல் தொடங்கிய கியூஎமு, இரண்டு வகை எக்ஸ்86 இயந்திரங்களைப் பெரிதும் நடித்துக்காட்டுகிறது. ஒன்று, இன்டெல் 1996இல் வெளியிட்ட சிப்செட்டைப் பின்பற்றும் ஐ440எஃப்எக்ஸ். மற்றது, பிசிஐ எக்ஸ்பிரஸ் கொண்ட கியூ35. செருகும் முறை இரண்டிலும் வேறு.

ஐ440எஃப்எக்ஸ் வகையில் ஏசிபிஐ வழியாக வேலை நடக்கிறது. புதிய சாதனம் வந்ததும் எமுலேட்டர் ஒரு குறுக்கீட்டை எழுப்பும்; எந்தச் செருகுவாய் என்பதை விருந்தினர் படித்து அறிந்து இயக்கியை ஏற்றும். கழற்றும்போது விருந்தினர் தன் வேலைகளை முடித்துக்கொண்டு, எடுத்துவிடலாம் என்று ஒரு பதிவகத்தில் எழுதும். அதற்குப் பிறகுதான் எமுலேட்டர் சாதனத்தை நீக்கும்.

பிசிஐ எக்ஸ்பிரஸின் சொந்த முறை சற்று வேடிக்கையானது. உண்மையான சர்வரில் செருகுவாய்க்குப் பக்கத்தில் கவன அழுத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் விளக்கு மின்னும். மனம் மாறினால் 5 நொடிக்குள் மறுபடி அழுத்தி ரத்து செய்யலாம். அழுத்தவோ மின்னவோ எதுவும் இல்லாத மெய்நிகர் இயந்திரத்திலும் இந்த நாடகம் அப்படியே நடக்கிறது. கியூஎமு அழுத்தானை அழுத்துவதுபோல் நடிக்கிறது. விருந்தினர் விளக்கை மின்னவைத்துக் காத்திருக்கிறது. கழற்றும் கட்டளைக்குப் பின் சில நொடி ஒன்றும் நடக்காததற்குக் காரணம் இதுவே. 2021இல் வந்த கியூஎமு 6.1 முதல் கியூ35 வகையும் இயல்பாக ஏசிபிஐ முறைக்கு மாறியது.

ஆகவே ‘டிவைஸ்-ஆட்’ கட்டளையும் ‘டிவைஸ்-டெல்’ கட்டளையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை அல்ல. (கட்டளைச் சொற்கள் இங்கு ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன.) முன்னது ஏற்கப்பட்டால் சாதனம் உடனே சேர்ந்துவிடும். பின்னது வெறும் வேண்டுகோள்; கட்டளை வெற்றி என்று திரும்பினாலும் சாதனம் இன்னும் அங்கேயே இருக்கலாம். நீக்கப்பட்டதற்கான நிகழ்வு அறிவிப்பு வந்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். விருந்தினர் இன்னும் பூட் ஆகிக்கொண்டிருந்தாலோ உறைந்திருந்தாலோ அந்த அறிவிப்பு வராமலே போகலாம். இதைப் பார்க்காமல் எழுதிய ஸ்கிரிப்டுகள் அடுத்த சாதனத்தை அதே இடத்தில் செருகப்போய்ப் பிழை வாங்கும்.

மூடும் வழிகள்

கியூ35 வகையில் மூல பஸ்ஸில் நேரடியாக வைத்த சாதனத்தை ஓட்டத்தில் கழற்ற முடியாது. ரூட் போர்ட் எனப்படும் வாயிலின்கீழ் வைத்தால்தான் முடியும். ஒரு வாயிலுக்கு ஒரு செருகுவாய். லிப்வர்ட் போன்ற மேலாண்மைக் கருவிகள் பெரும்பாலான சாதனங்களை இவ்வாயில்களின்கீழ்தான் வைக்கின்றன. 2020 ஏப்ரலில் வந்த கியூஎமு 5.0, ரூட் போர்ட்டுக்கு ‘ஹாட்பிளக்=ஆஃப்’ என்ற விருப்பத்தைக் கொடுத்தது. அதையே லிப்வர்ட் 6.3 முதல், கட்டுப்படுத்தியின் ‘டார்கெட்’ உறுப்பில் எழுதலாம். வாயில் வாயிலாகத் தேர்வு செய்ய முடிவதால் சிறந்த வழி இதுவே: நெட்வொர்க் கார்டும் பூட் வட்டும் இருக்கும் வாயில்களை மூடிவிட்டு, கூடுதல் வட்டுக்கு ஒன்றிரண்டைத் திறந்தே வைக்கலாம்.

ஐ440எஃப்எக்ஸ் வகையில் அவ்வளவு நுணுக்கம் இல்லை. பாலங்களுக்குப் பின்னால் உள்ளவற்றை மூட ஒரு விருப்பம் முன்பே இருந்தது. மூல பஸ்ஸை மூடும் ‘ஏசிபிஐ-ரூட்-பிசிஐ-ஹாட்பிளக்’ 2020 டிசம்பரில் கியூஎமு 5.2இல் சேர்ந்தது. அதை அணைத்தால் அந்த பஸ்ஸின் எல்லாச் செருகுவாய்களும் சேர்ந்தே மூடப்படும்.

வி.எம்.வேர் பயனர்கள் இயந்திரத்தின் அமைப்புக் கோப்பில் ‘டிவைசஸ்.ஹாட்பிளக்’ என்பதை ‘ஃபால்ஸ்’ என்று வைக்கிறார்கள். பிராக்ஸ்மாக்ஸில் வட்டு, நெட்வொர்க், யூ.எஸ்.பி. என்று தேர்வுசெய்யும் ஓர் அமைப்பு உண்டு. அது, நிர்வாகி செய்யும் மாற்றம் உடனே நடப்புக்கு வர வேண்டுமா, அடுத்த தொடக்கம் வரை காத்திருக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது. விருந்தினர் பக்கத்துச் செருகுவாயை மூடுவதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விண்டோஸ் பதிவேட்டில் மதிப்பை மாற்றிச் சின்னத்தை மறைக்கும் குறுக்குவழி மறுதொடக்கத்தோடு போய்விடும்.

எதைச் செய்தாலும் இயந்திரத்தை முழுவதும் அணைத்து இயக்கியபின், அந்தப் பட்டியலில் கார்டு மறைந்ததா என்று விண்டோஸுக்குள் போய்ப் பார்ப்பது அவசியம். பதிப்புக்குப் பதிப்பு நடத்தை மாறியிருக்கிறது.

திறந்தே இருக்க வேண்டியவை

தார் பக்கத்துக்கு வருவோம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன், ஆடை வடிவமைப்பு மென்பொருளின் உரிம டாங்கிள் ஆகியவை யூ.எஸ்.பி. சாதனங்கள். டோக்கனுக்குள் இருக்கும் தனிச்சாவியை நகலெடுக்க முடியாது என்பதுதான் அதன் பாதுகாப்பு, எனவே ஜி.எஸ்.டி. தளத்திலோ சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்திலோ கையெழுத்திட டோக்கனையே மெய்நிகர் இயந்திரத்துக்குள் கொண்டுபோக வேண்டும்.

கியூஎமுவில் இதைத் தயாரிப்பாளர் எண், பொருள் எண் கொண்டு அடையாளம் காட்டலாம். எடுத்துச் செருகினாலும் அது மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆனால் இரண்டு இயக்குநர்களின் டோக்கன்களும் ஒரே தயாரிப்பாக இருந்தால் எண்கள் ஒன்றே; எது உள்ளே போகும் என்று சொல்ல முடியாது. அப்போது சர்வரின் எந்த யூ.எஸ்.பி. துளை என்று பஸ், போர்ட் எண்களால் குறிப்பதே சரி. துளைகளுக்கு மேல் பெயர் எழுதி ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. லிப்வர்ட் வழியாகச் செருகினால் தானாக மறுபடி ஒட்டாது. யூடெவ் விதி ஒன்று எழுதி, விர்ஷ் கட்டளையை அதிலிருந்து அழைக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு கண்ணி, பலரும் எமுலேட்டரைத் திட்டுவதற்குக் காரணமானது. ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தவருக்கு, சர்வர் பக்கம் செருகிய ஸ்மார்ட் கார்டு வகை டோக்கன் தெரியாது; அந்த அமர்வில் விண்டோஸ் பயனரின் கணினியில் உள்ள கார்டுகளையே தேடும். டோக்கனைக் கணக்கரின் கணினியில் செருகி அனுப்ப வேண்டும், அல்லது கன்சோல் திரை வழியாக நுழைய வேண்டும். டாங்கிள்கள் பெரும்பாலும் ஸ்மார்ட் கார்டு வகை அல்ல என்பதால் இந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை.

2019இல் கியூஎமு 4.2இல் வந்த மைக்ரோவிஎம் என்ற சிறு இயந்திர வகை, விரைவாகத் தொடங்குவதற்காக எந்த வகை ஓட்டச் செருகலையும் வைத்துக்கொள்ளவில்லை. டோக்கன் செருக வேண்டிய அலுவலகத்துக்கு அது உதவாது.