முன்னே மூச்சு, பின்னே சோறு

மனிதனின் கழுத்துக்குள் இரண்டு குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய். அதன் பின்புறத்தை ஒட்டி, முதுகெலும்புக்கு முன்னால் இருப்பது உணவுக்குழாய். இரண்டுக்கும் பொதுவான வழி தொண்டை. மூக்கில் நுழைந்த காற்று வாய்க்குப் பின்னால் இறங்கி முன்குழாய்க்குப் போக வேண்டும். வாயில் மென்ற சோறு பின்குழாய்க்குப் போக வேண்டும். ஆகவே காற்றின் பாதையைச் சோறு குறுக்கே கடந்தாக வேண்டியிருக்கிறது.

மூச்சுக்குழாயின் வாசலில் இருப்பது குரல்வளை. கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்துக்கொண்டு எச்சில் விழுங்கினால், அது மேலே ஏறி இறங்குவது தெரியும். அப்படி ஏறும்போது குரல்வளை நாக்கின் அடிப்பகுதிக்குக் கீழே பதுங்குகிறது. இலை வடிவிலுள்ள குரல்வளை மூடி அதன்மேல் கவிழ்கிறது. உள்ளே குரல்நாண்களும் சேர்ந்து மூடிக்கொள்கின்றன. சுமார் ஒரு வினாடி மூச்சு நிற்கிறது. அந்த நேரத்தில் உணவுக்குழாயின் வாய் திறந்து கவளத்தை வாங்கிக்கொள்கிறது.

சாப்பிடும்போது பேசினாலோ சிரித்தாலோ இந்த ஒழுங்கு குலைகிறது. ஒரு பருக்கை தடம் மாறினாலும் புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவது வழக்கம். நினைப்பவர் யாராயினும், ஆளைக் காப்பாற்றுவது இருமல்தான். இருமவோ பேசவோ முடியாமல் திணறுவதுதான் உண்மையான ஆபத்து. அப்போது தலையில் தட்டிப் பயனில்லை. ஆளை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கித் தட்ட வேண்டும்.

மூச்சுக்குழாயின் நீளம் ஏறக்குறைய 10 முதல் 12 சென்டிமீட்டர். 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள் அதைச் சுருங்கிவிடாமல் தாங்குகின்றன. இவை முழு வட்டங்கள் அல்ல; குதிரை லாடம் போலப் பின்பக்கம் திறந்தவை. அந்த இடைவெளியில் இருப்பது மெல்லிய தசை. பெரிய கவளம் இறங்கும்போது உணவுக்குழாய் முன்னோக்கிப் புடைக்க இந்த மென்மை இடம் கொடுக்கிறது. குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் தூசி படிந்த சளியை ஓயாமல் மேலே தள்ளுகின்றன. மார்புக்குள் குழாய் இரண்டாகக் கிளைக்கிறது. வலக்கிளை சற்று அகலமானது, செங்குத்தானது. தவறி விழும் வேர்க்கடலை போன்றவை அந்தப் பக்கமே அதிகம் சிக்குகின்றன.

உணவுக்குழாய்க்கு வளையங்கள் இல்லை. சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தத் தசைக்குழாய், வெறுமையாக இருக்கும்போது தட்டையாகப் படிந்து கிடக்கும். உணவு தானாக உள்ளே விழுவதில்லை. பால் கறக்கும் விரல்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய் அழுத்துவதுபோல, தசைகள் கவளத்தைப் பிழிந்து தள்ளுகின்றன. தலைகீழாக நின்று விழுங்கினாலும் இரைப்பைக்கே போய்ச் சேரும். கெட்டியான கவளத்துக்கு இந்தப் பயணம் பத்து வினாடிக்குள் முடிந்துவிடும்.

உதரவிதானத்தைத் துளைத்து இறங்கி, உணவுக்குழாய் இரைப்பையைச் சேர்கிறது. அந்த முனையில் ஒரு சுருக்குத்தசை காவல் இருக்கிறது. அது தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறும். வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் படுப்பவர்கள் இதை அறிவார்கள். நெஞ்செரிச்சல் என்று பெயர் இருந்தாலும் எரிவது உணவுக்குழாயின் உட்சுவர். ஆனால் அந்தக் குழாய் இதயத்தின் பின்புறமாக இறங்குவது. இரண்டின் வலியும் நடுமார்பிலேயே உணரப்படுவதால், எது எதுவென்று பிரித்தறிய மருத்துவர்களும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.