அரங்கம் மட்டும் இருந்தால் போதுமா? சென்னை விக்டோரியா ஹாலும் ரஷ்யாவின் மரின்ஸ்கியும்

கொல்லிமலைக்கு பைக்கில் போனவர்களுக்கு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் மறக்காது. வளைவெல்லாம் முடிந்து செம்மேடு போனால் வல்வில் ஓரி சிலை இருக்கும். ஆடி 17, 18 தேதிகளில் அங்கே அரசு விழாவும் நடக்கும். ஓரி என்றாலே நமக்கு வில்தான் ஞாபகம் வரும். ஆனால் அவருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. இன்றைய பாஷையில் சொன்னால், அவர் கலைஞர்களின் ஸ்பான்சர்.

புறநானூற்றின் 153-வது பாடலில் வன்பரணர் ஒரு சுவாரஸ்யமான காட்சியைச் சொல்கிறார். ஓரியைப் பார்க்கப் போன கலைஞர் கூட்டத்துக்குப் பொன் பூ, அணிகலன், யானை என்று பரிசு குவிகிறது. பசி தீர்ந்த அவர்கள் ஆடவும் முடியாமல், பாடவும் மறந்து நிற்கிறார்களாம்! வள்ளலைப் புகழும் பாட்டுதான். ஆனால் அதற்குள்ளேயே ஒரு பழைய கேள்வியும் இருக்கிறது: கலைக்கு யார் காசு கொடுப்பது, கொடுத்தால் என்ன ஆகும்?

அந்தக் கேள்வியோடு இரண்டு அரங்கங்களைப் பார்ப்போம். ஒன்று சென்னையில், இன்னொன்று ரஷ்யாவில்.

8 அணா வாடகையில் ஒரு ஹால்

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவில் நிற்கும் சிவப்புக் கட்டடம்தான் விக்டோரியா பப்ளிக் ஹால். தினமும் அதைக் கடந்து போகிற பலருக்கு அது ஒரு தியேட்டர் என்பதே தெரியாது.

1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். டிசைன் ராபர்ட் சிஸோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்து 50 வருஷம் ஆனதை ஒட்டித்தான் அந்தப் பெயர் வந்தது. பீப்பிள்ஸ் பார்க்கில் 57 கிரவுண்டு நிலம் 1886-ல் 99 வருட குத்தகைக்குக் கிடைத்தது. வாடகை கிரவுண்டுக்கு வருஷத்துக்கு 8 அணா. அதாவது மொத்தமே 28 ரூபாய் 8 அணாதான்.

பணம் வந்தது நகரத்துப் பெரிய மனிதர்களின் நன்கொடையில் இருந்து. நிர்வாகம் ஒரு டிரஸ்டிடம் இருந்தது. கூட்டம், சொற்பொழிவு, நாடகம், ஆரம்பகால சினிமா என்று எதற்கு வேண்டுமானாலும் ஹாலை எடுக்கலாம். ஆனால் அந்த அரங்குக்கென்று சொந்தமாக ஒரு குழு இல்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

18 வயசுப் பையன் ஆரம்பித்த சபா

1891-ல் பல்லாரியில் இருந்து வந்த சரச வினோதினி சபா இங்கே தெலுங்கு நாடகங்கள் போட்டது. அதைப் பார்த்து அசந்துபோனவர்களில் ஒருவர் பம்மல் சம்பந்த முதலியார். அப்போது அவருக்கு வயசு 18. அதே வருஷம் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாஸ சபாவைத் தொடங்கினார்.

நாடகக்காரர்களை 'கூத்தாடி' என்று ஏளனமாகப் பார்த்த காலம் அது. வக்கீல்களும் படித்த குடும்பத்துப் பிள்ளைகளும் மேடை ஏறியது அந்தப் பார்வையைக் கொஞ்சம் மாற்றியது. பம்மலே பின்னாளில் நீதிபதியானார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி சபாவில் நடித்தவர். 'ஹாம்லெட்' இங்கே 'அமலாதித்யன்' ஆனது. 1954-ல் சிவாஜி நடித்த 'மனோகரா' படத்துக்கு மூலம் பம்மலின் நாடகம்தான்.

ஆனால் சபா உறுப்பினர்களுக்கு நாடகம் பிழைப்பு இல்லை, ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்து ஆர்வம். 1930களில் சபா மவுண்ட் ரோடுக்கு இடம் மாறியது. அதன்பின் சினிமாவும் ரசிகர்களை இழுத்துக்கொண்டது. ஹாலுக்கு நிரந்தர ஆள் இல்லாமல் போனது. 1985-ல் குத்தகை முடிந்தது, உரிமை யாருக்கு என்ற இழுபறி நீண்டது. கட்டடம் பூட்டிக் கிடந்து சிதைந்தது. 2023-ல்தான் மாநகராட்சியின் பெரிய சீரமைப்புப் பணி தொடங்கியது.

அதே நேரத்தில் ரஷ்யாவில்...

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மரின்ஸ்கி தியேட்டர் 1860-ல் திறக்கப்பட்டது. ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டரின் மனைவி மரியாவின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். நம்ம விக்டோரியா ஹால் மாதிரி இதுவும் ராணி பெயர்தான். ஆனால் ஒற்றுமை அதோடு சரி.

மரின்ஸ்கி அரசவையின் சொத்து. பாடகர்கள், நடனக் கலைஞர்கள், ஆர்கெஸ்ட்ரா எல்லாருக்கும் சம்பளம் உண்டு. புது ஆட்களைத் தயார் செய்ய 1738-லேயே தொடங்கிய நடனப் பள்ளி இருந்தது. பம்மல் தன் சபாவைத் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்னால், 1890-ல், சைக்கோவ்ஸ்கியின் 'ஸ்லீப்பிங் பியூட்டி' பாலே அங்கே அரங்கேறியது.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலையும் இருந்தது. ஜார் போய் சோவியத் ஆட்சி வந்ததும் தியேட்டரின் எஜமானரும் மாறினார். 1935-ல் கொலையுண்ட கட்சித் தலைவர் கிரோவ் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 1961-ல் பாரிஸுக்கு ஆடப் போன அதன் நட்சத்திரம் ருடால்ஃப் நூரியேவ், ஊர் திரும்ப மறுத்து அங்கேயே தஞ்சம் கேட்டார். பழைய பெயர் திரும்ப வந்தது 1992-ல்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் தியேட்டர் நின்றது. காரணம், கட்டடத்தோடு பள்ளியும் குழுவும் சேர்ந்தே இருந்தன.

திருவான்மியூர் கனெக்‌ஷன்

மரின்ஸ்கியில் புகழ்பெற்ற அன்னா பாவ்லோவா உலகம் சுற்றி ஆடியவர். 1920களின் இறுதியில் ருக்மிணி தேவிக்கு அவருடைய நட்பு கிடைத்தது. பாலே கற்க ஆசைப்பட்ட ருக்மிணியை, உங்க நாட்டுக் கலையையும் தேடிப் பாருங்கள் என்று திருப்பிவிட்டவர் பாவ்லோவா. 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கியதுதான் கலாக்ஷேத்ரா. பள்ளி, ஆசிரியர்கள், சொந்தக் குழு, அரங்கம் எல்லாம் ஒரே வளாகத்தில். 1993-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது.

விக்டோரியா ஹாலுக்குக் கிடைக்காதது இதுதான்.

இனி என்ன?

கட்டடத்தை மீட்பது பாதி வேலைதான். பெயின்ட், லைட், மியூசியம் எல்லாம் நல்லதுதான். ஆனால் அங்கே மாதாமாதம் யார் நாடகம் போடப்போகிறார்கள்? ஒத்திகைக்கு இடம் உண்டா? சின்னக் குழுக்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையா? எதைப் போடலாம் என்பதைக் காசு கொடுப்பவர் முடிவு செய்வாரா? ஓரி காலத்துக் கலைஞர்களுக்குப் பரிசு கிடைத்தது, ஆனால் நாளைக்கு என்ன என்ற உறுதி கிடைக்கவில்லை. மரின்ஸ்கிக்கு உறுதி கிடைத்தது, ஆனால் சுதந்திரம் குறைந்தது. பம்மலின் சபாவுக்குச் சுதந்திரம் இருந்தது, சம்பளம் இல்லை.

மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் வழி எளிதில்லை. ஆனால் நம் கையில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அடுத்த முறை உங்க ஊரில் ஒரு நாடகம் நடந்தால், ஃப்ரீ பாஸ் கேட்காமல் டிக்கெட் வாங்கிப் போங்கள்.