திருத்துகிறவர் யார்?

ஏடு காப்போர் – 11

சொ. விருத்தாசலம் எழுதிய புத்தகங்கள் வேண்டும் என்று ஒரு வாசகர் நூலகக் கணினியில் தேடுகிறார். எதுவும் இல்லை என்று வருகிறது. இரண்டு அலமாரி தள்ளி, புதுமைப்பித்தன் கதைகள் நான்கைந்து பதிப்புகளாக நிற்கின்றன. இரண்டும் ஒருவர் பெயர்தான் என்று கணினிக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

சொல்லி வைப்பதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. உலக நூலகங்கள் பலவும் பின்பற்றும் மார்க் முறையில் ஆசிரியருக்குத் தனியாக ஒரு பதிவு திறப்பார்கள். 100 என்று எண்ணிட்ட புலத்தில் ‘புதுமைப்பித்தன், 1906–1948’ என்று எழுதுவார்கள். விருத்தாசலம் என்ற இயற்பெயரும், ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதப்படும் வடிவங்களும் 400 என்ற புலத்தில் வரிசையாகச் சேரும். கவிதைகளுக்கு அவர் வைத்துக்கொண்ட வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரை இதே பதிவில் அடக்குவதா, தனிப் பதிவு போட்டு இரண்டையும் இணைப்பதா? நூலகர்கள் உட்கார்ந்து வாதாடித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நூலக அறிவியலையும் ஆவண மேலாண்மையையும் வீட்டிலிருந்தபடி இணையவழியில் படிக்கலாமா என்ற கேள்விக்கு நான் இந்தப் பதிவிலிருந்துதான் பதில் தேடுவேன். பதிவு போடுவதை இணையவழியில் தாராளமாகப் படிக்கலாம். வேலையே திரையில்தான் நடக்கிறது. மாணவி மதுரையில் போட்ட பதிவை டெல்லியில் இருக்கும் ஆசிரியர் புலம் புலமாகப் பார்த்து, இந்த முற்றுப்புள்ளி ஏன், இந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்க முடியும். கரும்பலகை வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவே அந்தக் கவனம் ஒருவருக்குக் கிடைப்பது அபூர்வம். ஆனால் இந்த லாபமெல்லாம் திருத்துகிறவர் இருந்தால்தான். காணொளியைப் பார்த்துவிட்டுச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வோடு முடிகிற படிப்பில் சான்றிதழ் மட்டுமே மிஞ்சும்.

வேலை பார்த்துக்கொண்டே நூலக அறிவியல் படிப்பது புது வழக்கமும் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் 1929இல் கோடைக்கால வகுப்பாகத்தான் பயிற்சியைத் தொடங்கினார். 1931இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றது. 1937இல் அது ஓராண்டு பட்டயப் படிப்பாக வளர்ந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 1996இல் நூலக முதுநிலைப் படிப்பை இணையத்துக்குக் கொண்டுபோனபோது, தொடக்கத்தில் சில நாள் வளாகத்தில் தங்க வேண்டும், பிறகும் பருவந்தோறும் வந்துபோக வேண்டும் என்று விதி வைத்தது. ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகியவர்கள்தான் தொலைவிலிருந்தும் தைரியமாகக் கேள்வி கேட்பார்கள். அந்த விதியை வகுத்தவர்களை நான் மனதார மதிக்கிறேன். இன்று கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு முழுக்க இணையத்திலேயே நடக்கிறது. நம் நாட்டில் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகத் தொலைநிலையில் இளநிலை, முதுநிலை இரண்டையும் நடத்துகிறது.

அங்கீகாரம் பற்றி ஒரு வார்த்தை. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு எந்த நிறுவனத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு அனுமதி தந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கல்லூரி நூலகர் பணியை நினைத்திருப்பவர்களுக்கு முதுநிலைக்குப் பிறகு நெட் தேர்வும் இருக்கிறது.

ஆவணக் காப்பகத்தின் கதை வேறு. நூலகம் ஒவ்வொரு புத்தகத்தையும் தனியாக எடுத்து எண் கொடுக்கும். காப்பகத்துக்கோ ஒருவரின் வாழ்நாள் காகிதம் மொத்தமாக வந்து சேரும். கடிதக் கட்டு, வரவு செலவு நோட்டு, திருமண அழைப்பிதழ், பாதி எழுதிய கட்டுரை எல்லாம் கலந்திருக்கும். புதிதாக வருபவருக்கு உடனே கை துறுதுறுக்கும், தேதி வாரியாக அடுக்கிவிடலாம் என்று. அதைச் செய்யக்கூடாது. அந்தக் கடிதத்தோடு அந்தக் கணக்குச் சீட்டை அவர் ஏன் சேர்த்துக் கட்டினார் என்பதே ஒரு செய்தி. கலைத்துவிட்டால் அது திரும்பி வராது. யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரிலேயே தொகுப்பைக் காப்பது, அவர் வைத்திருந்த வரிசையைக் காப்பது என்ற இந்த இரண்டு நெறிகளின் மேல்தான் அனைத்துலக ஆவணக் காப்பக மன்றத்தின் விவரிப்பு விதிகள் நிற்கின்றன. அந்த விதிகளில் மொத்தம் 26 கூறுகள். அவற்றையும் இணையத்தில் கற்கலாம். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் காப்பகப் படிப்பைத் தொலைவிலிருந்தே கற்பிக்கிறது.

மின்கோப்புகளைப் பாதுகாக்கும் பாடம் இணையவழிக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். ஒரு கோப்புக்கு ஷா-256 முறையில் கணக்கிட்டால் 64 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு தொடர் கிடைக்கும். கோப்பில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள், தொடர் முழுக்க வேறாகிவிடும். ஐந்து ஆண்டு கழித்து வட்டில் இருப்பது அதே கோப்புதானா என்று காப்பகம் இப்படித்தான் சோதிக்கிறது. இதைச் செய்து பார்க்க ஒரு பழைய மடிக்கணினி போதும்.

இணையவழிக்கு எட்டாமல் நிற்பது காகிதம். ஓரம் பொடிந்து உதிரும் தாளின் கீழ் எப்படிக் கை கொடுப்பது, துருப்பிடித்த குண்டூசியை எப்படிக் கழற்றுவது, வெள்ளிப்பூச்சி அரித்த கட்டை எங்கே பிரித்து வைப்பது? எத்தனை காணொளி பார்த்தாலும் அந்த அளவு விரலுக்கு வராது. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பயிற்சிப் பள்ளி ஓராண்டு பட்டயப் படிப்பை நேரில் நடத்துவதை நான் பிடிவாதம் என்று சொல்லமாட்டேன். அங்கே போக முடியாதவர்கள் படிக்கிற காலத்திலேயே பக்கத்து நூலகத்திலோ, தனியார் சேகரிப்பிலோ அனுமதி பெற்று வாரம் சில மணி நேரம் கைவேலை பழகியே ஆக வேண்டும்.

தொலைவிலிருந்து செய்யும் வேலைக்கும் கைவேலைக்கும் பகை கிடையாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட 1981க்குப் பிறகு பிறந்த தலைமுறையும் சேர்ந்து 2005இல் ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தைத் தொடங்கியது. வெவ்வேறு நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் இணையத்தில் கூடி வளர்த்தது அது. ஆனாலும் ஒவ்வொரு பக்கத்தையும் யாரோ ஒருவர் கையால் விரித்துத்தான் வருடியில் வைத்திருக்கிறார்.

ஆகவே சேர்வதற்கு முன் படிப்பை நடத்துபவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நானே எத்தனை பதிவுகள் போடுவேன்? அதை வரி வரியாகத் திருத்துகிறவர் யார்? கோஹா போன்ற நூலக மென்பொருளில் என் கையாலேயே வேலை செய்ய விடுவீர்களா, படம் மட்டும் காட்டுவீர்களா? கோஹா நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக உருவானது. இலவசம். அவர்கள் விடமாட்டோம் என்றால் நீங்களே கோஹாவை உங்கள் கணினியில் நிறுவி, வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகங்களுக்குப் பதிவு போடத் தொடங்கிவிடலாம்.

(தொடரும்)