சிக்கன விமானமும் சுமைகூலியும்

சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது பழமொழி. சந்தைக்குச் சென்றவன் பொருளின் விலை மலிவெனக் கேட்டு மகிழ்ந்து வாங்கிவிட்டு, அதனை வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மனம் சோர்ந்த அனுபவத்திலிருந்தே இம்மொழி பிறந்திருத்தல் வேண்டும். மாட்டுவண்டிக் காலத்தில் வழங்கிய இப்பழமொழி, ஆகாயவிமானத்திற் செல்லும் இக்காலப் பிரயாணிகளுக்கே முன்னையினும் நன்றாகப் பொருந்துகின்றது.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் வாவியும் அணைத்து நிற்கும் ஊர்களுள் பெரியகல்லாறும் ஒன்று. அவ்வூரிலிருந்து ஒரு குடும்பம் தமிழ்நாட்டுக்குத் தலயாத்திரை புறப்படுகின்றதென வைத்துக்கொள்வோம். முதிய தாய், மகன், மருமகள், சிறுபிள்ளை ஒன்று. சென்னை சென்று தாயின் கண்ணையும் ஒரு வைத்தியரிடம் காட்டவேண்டும். பின்னர் சிதம்பரமும் இராமேசுவரமும் காணவேண்டும். மகன் கைபேசியில் மலிவான விமானக் கட்டணமொன்றைக் கண்டு, நால்வருக்கும் பயணச்சீட்டுப் பெறுகின்றான். இரவு பஸ் ஏறி, முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் உறங்கியும் உறங்காமலும் கடந்து, விடியற்பொழுதிற் கட்டுநாயக்கா விமான நிலையத்தை அடைகின்றனர்.

அங்கே தராசு காத்திருக்கின்றது. கையிற் கொண்டுசெல்லும் பை ஏழு கிலோவுக்கு மேற்படலாகாது என்பது சீட்டின் விதி. தாயின் பையோ பதினொரு கிலோ. சென்னையிலுள்ள உறவினருக்கென வறுத்துக் கட்டிய முந்திரிப்பருப்பும், பொட்டலமிட்ட கருவாடும், பனங்கற்கண்டும் அதனுள் இருக்கின்றன. “நாலு கிலோதானே தம்பி கூட” என்கிறாள் தாய். “கணினி விடாது அம்மா” என்கிறார் தராசடியில் நிற்கும் இளைஞர். அவர் கேட்கும் தொகை, வைத்தியருக்கென முடிந்து வைத்த பணத்திற் பாதியை விழுங்கிவிடும். பணத்தைக் கட்டுவதா, பொருளைக் குப்பைத் தொட்டியருகே வைத்துவிட்டுப் போவதா? வேறு வழியில்லை. நீர்கொழும்பில் வாழ்பவராயின் பொதியை ஒருவரிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். பெரியகல்லாற்றுக்காரருக்கு அந்த வசதியும் இல்லை. மறைந்திருக்கும் கட்டணம், தொலைவிலிருந்து வருபவரையே மிகவும் வருத்துவது இதனாலாகும்.

இக்காட்சியில் தாயையும் குறை சொல்வதற்கில்லை. இளைஞரையும் குறை சொல்வதற்கில்லை. குறை எங்கே உள்ளது என்பதை அறிய, சிக்கன விமான சேவை என்பது எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

முன்னாளில் விமானப் பயணச்சீட்டு என்பது ஒரு முழுப்பொருளாய் இருந்தது. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அக்காலத்து விமான சேவைகளில் ஆசனமும், பொதியும், உபசாரமும் ஒரே விலைக்குள் அடங்கும் என்பதே பொதுவான வழக்கு. ஆயின் அந்த விலை செல்வர்க்கும் உத்தியோகத்தர்க்குமே எட்டுவதாயிருந்தது.

இந்நிலையை மாற்றிய நிறுவனங்களுள் ஒன்று அமெரிக்காவின் சவுத்வெஸ்ட். 1971ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்திற்குள் மூன்று நகரங்களுக்கிடையே அது பறக்கத் தொடங்கிற்று. ஒரே வகை விமானத்தைப் பயன்படுத்தினால், பழுதுபார்ப்போருக்கும் விமானிகளுக்கும் ஒரே பயிற்சி போதும். வந்திறங்கிய விமானம் பத்து நிமிடத்தில் மறுபடியும் கிளம்பினால், ஒரு நாளில் அதிக பயணங்களைச் செய்யலாம். தரையில் நிற்கும் விமானம் பணம் சம்பாதிப்பதில்லை. சிக்கனத்தின் மெய்யான வேர் இதுவேயாகும். இதில் ஒளிவு மறைவு ஏதுமில்லை.

கட்டணத்தைக் கூறுகூறாகப் பிரித்து விற்கும் முறை பின்னர் வந்தது. 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்னும் நிறுவனம் ஒவ்வொரு பொதிக்கும் மூன்று டொலர் வாங்கிற்று. உணவுக்கும் தனி விலை வைத்தது. 2006ஆம் ஆண்டில் அயர்லாந்தின் ரயன் எயார் விமானத்தின் அடித்தட்டில் ஏற்றும் பொதிகளுக்குக் கட்டணம் விதித்தது. 2008ஆம் ஆண்டில் எண்ணெய் விலை பீப்பாய்க்கு நூறு டொலரைத் தாண்டி ஏறியபோது, பழைய பெரிய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன; அமெரிக்கன் எயார்லைன்ஸ் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் முதற் பொதிக்கே பதினைந்து டொலர் கேட்டது. எண்ணெய் விலை பின்னர் இறங்கியது. பொதிக் கட்டணமோ இறங்கவில்லை. இரண்டு பொதிகளை இலவசமாக ஏற்றுவதே தன் பெருமை எனப் பறைசாற்றிவந்த சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வழக்கத்தைக் கைவிட்டது.

ஆசியாவில் 2001ஆம் ஆண்டில் கைமாறிப் புத்துயிர் பெற்ற மலேசியாவின் எயார் ஏசியாவும், 2003இல் இந்தியாவில் எழுந்த எயார் டெக்கானும் எளிய மக்களை வானில் ஏற்றின. இலங்கையில் மிகின் லங்கா 2007ஆம் ஆண்டு முதல் 2016ஆம் ஆண்டு வரை சிக்கன சேவை நடத்திற்று. பலாலியில் 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. சென்னை விமானங்கள் அங்கு வந்தன. இந்த வழிகளால் விளைந்த நன்மை பெரிது. வாழ்நாளில் ஒருமுறையேனும் சிதம்பரம் காண ஏங்கிய முதியவர்க்கும், வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனுக்கும் விமானம் கைக்கெட்டும் பொருளாயிற்று. அதனை மறுத்தல் நன்றியின்மையாகும்.

அவ்வாறாயின் பிரித்து விற்பது தவறா? ஒரு கணக்குப் பார்ப்போம். இவை வழியைக் காட்டுவதற்கென வைத்துக்கொண்ட எண்களே. போய்வரும் கட்டணம் 25,000 ரூபா என விளம்பரம் கூறுகின்றது. இருபது கிலோப் பொதிக்கு ஒரு வழிக்கு 9,000 ஆக, இருவழிக்கும் 18,000. ஆசனத்தைத் தெரிந்தெடுக்க 1,500 வீதம் 3,000. உணவுக்கு 1,200 வீதம் 2,400. வங்கி அட்டையாற் பணம் செலுத்துவதற்கு 1,600. கூட்டினால் 50,000 ரூபா. விளம்பர விலை சரியாக இருமடங்காயிற்று. எல்லாவற்றையும் உள்ளடக்கி 46,000 ரூபா கேட்ட மற்றைய நிறுவனம் விலை அதிகமென ஒதுக்கப்பட்டதே. அதுவே உண்மையில் மலிவானது. ஆனால் ஏழு கிலோப் பையொன்றுடன் இரண்டு நாட் காரியமாகச் செல்பவனுக்குச் செலவு 26,600 ரூபாவே. அவன் 19,400 ரூபாவை மிச்சம் பிடிக்கின்றான். ஆகவே பிரித்து விற்பது ஒருவனுக்கு நன்மை, மற்றவனுக்குத் தீமை. தாம் எந்த வகைப் பிரயாணி என்பதை முன்னரே அறிந்துகொள்வதில் எல்லாம் தங்கியுள்ளது.

இங்கே குருமண்வெளித் துறையை நினைத்துப் பார்க்கலாம். அங்கிருந்து வாவியைக் கடந்து மண்டூர் முருகன் கோயிலுக்குச் செல்வோர் பாதை ஏறிக் கடந்து வந்தது நெடுங்கால வழக்கம். பாதையென்பது தோணிகளின்மேற் பலகை பரப்பி அமைத்த மிதவை. ஆளுக்கொரு கூலி, சைக்கிளுக்கொரு கூலி, மூட்டைக்கொரு கூலி என்று ஒரு துறையிற் பிரித்து வாங்கினாலும் அதனை அநீதியென்று எவரும் சொல்லார். ஏனெனில் கரையில் நிற்கும்போதே கூலி தெரியும், விருப்பமில்லாதவர் திரும்பலாம். ஆளை ஏற்றிக்கொண்டு நடு வாவியிற் போய் நின்று, “மூட்டைக்கு இன்னும் இவ்வளவு தரவேண்டும்” என்று கேட்பவனையே ஊரார் ஏசுவர். பிரித்து விற்பதும் மறைத்து விற்பதும் வேறு வேறு. முன்னையது வியாபாரம், பின்னையது வஞ்சகம்.

மறைத்தல் பல வகையில் நடைபெறும். முதற் பக்கத்திற் காணும் விலை மனத்திற் பதிந்துவிடுகின்றது. பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் ஆகியவற்றை நால்வருக்கும் நிரப்பிக் களைத்தபின், ஒவ்வொரு பக்கத்திலும் சிறிது சிறிதாகத் தொகை ஏறினாலும் திரும்பிச் செல்ல எவருக்கும் மனம் வருவதில்லை. சில இடங்களிற் காப்புறுதி போன்றவை முன்னரே தெரிவுசெய்யப்பட்டிருக்கும். கவனியாதவர் அவற்றிற்கும் பணம் செலுத்துவர். பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தால் திருத்துவதற்குக் கட்டணம். நுழைவுச்சீட்டை வீட்டில் எடுத்துவராமல் விமான நிலையத்திற் கேட்டாற் கட்டணம். இறங்கும் இடத்திலும் மறைவு உண்டு. பிராங்பேர்ட் எனப் பெயர் சூட்டி விற்கப்பட்ட ஹான் விமான நிலையம், பிராங்பேர்ட் நகரிலிருந்து சுமார் 120 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அங்கிருந்து நகர் சேரும் பஸ் செலவு எந்த விளம்பரத்திலும் வருவதில்லை.

அரசுகள் இதனைக் கவனியாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டில் இயற்றிய 1008ஆம் இலக்க ஒழுங்குவிதி, தவிர்க்கமுடியாத வரிகளும் கட்டணங்களும் அடங்கிய முழுத்தொகையையே முதலிலிருந்து காட்டவேண்டும் எனக் கட்டளையிட்டது. விருப்பத்திற்குரியவற்றைப் பிரயாணி தாமே தெரிவுசெய்தாலன்றிச் சேர்க்கலாகாது என்றும் விதித்தது. அமெரிக்காவில் முழுக் கட்டணத்தை விளம்பரஞ் செய்யவேண்டும் என்னும் விதி 2012ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2014ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு நுண்ணிய வேறுபாட்டை வகுத்துக் காட்டியது. அடித்தட்டில் ஏற்றும் பொதிக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம். நியாயமான அளவும் எடையும் உடைய கைப்பையோ பிரயாணத்தின் பிரிக்கமுடியாத பகுதி என்று அது கூறிற்று. 2024ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பெயின் அரசு, கைப்பைக்குக் கட்டணம் வாங்கியமை முதலிய காரணங்களைக் காட்டி, ஐந்து சிக்கன விமான நிறுவனங்களுக்கு 179 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதனை எதிர்த்து வழக்காடின. அவ்வாண்டு ஏப்பிரலில் இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்துப் பணிப்பாளரகம், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தாய் தந்தையருள் ஒருவரின் அருகிலேனும் ஆசனம் அளிக்கவேண்டும் என விமான நிறுவனங்களைப் பணித்தது. பிள்ளையைத் தாயின் அருகில் இருத்துவதற்கும் விலை கேட்கும் வழக்கம் இருந்தமையாலன்றோ அப்பணிப்புத் தேவைப்பட்டது!

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைத் தவறான வழியில் இட்டுச்செல்லும் வியாபார நடத்தையைத் தடைசெய்கின்றது. சட்டம் இருப்பது நன்று. ஆயினும் விடியற்காலை நான்கு மணிக்குத் தராசின்முன் நிற்பவருக்குச் சட்டப் புத்தகம் கைகொடுக்காது. அங்கே கைகொடுப்பது வீட்டில் எடுத்த முன்னெச்சரிக்கையே.

அவ்வகையில் முதலாவது வேலை நிறுத்தலாகும். மீன் வாடியிலும் நெற்களஞ்சியத்திலும் தூக்குத் தராசு உண்டு. புறப்படும் முதல்நாள் மாலையில் ஒவ்வொரு பையையும் அதிற் கொழுவிப் பார்த்தால் மறுநாள் அவமானமில்லை. வெறும் பெட்டியே மூன்று நான்கு கிலோ இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். எடை மாத்திரமன்றிப் பையின் நீள அகலங்களையும் சீட்டின் விதியோடு ஒப்பிடவேண்டும். பொதி கொண்டுபோவது உறுதியாயின், சீட்டு எடுக்கும்போதே அதற்கும் பணம் செலுத்துதல் நன்று. பெரும்பாலும் விமான நிலையத்திற் கேட்கும் தொகை அதனிலும் அதிகமாயிருக்கும்.

இரண்டாவது, விலைகளை ஒப்பிடும் முறை. விளம்பரத் தொகைகளை ஒப்பிடாது, பொதி, ஆசனம், உணவு, அட்டைக் கட்டணம் யாவும் சேர்ந்த இறுதித் தொகைகளை ஒரு தாளில் எழுதி ஒப்பிடவேண்டும். மூன்றாவது, பெயர். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்களை அப்படியே பார்த்து எழுதவேண்டும். முகவர் மூலம் சீட்டுப் பெறுபவர் அதனைக் கேட்டு வாங்கித் தாமே சரிபார்த்தல் வேண்டும். முகவரின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தால், விமானத்தின் நேரமாற்றமும் நுழைவுச்சீட்டு எடுக்கும் அறிவித்தலும் அவருக்கே போய்ச் சேரும்; பிரயாணிக்கு வந்து சேராது. நான்காவது, இரண்டு வேறு நிறுவனங்களிற் தனித்தனியே சீட்டு வாங்கி மாறிச் செல்வோர் கவனிக்கவேண்டியது. முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறிப்போனால், அந்நட்டத்தைப் பெரும்பாலும் பிரயாணியே தாங்கவேண்டும். இடையிலுள்ள நாட்டில் பொதியை எடுக்க வெளியே வருவதற்கு விசாவும் வேண்டியிருக்கலாம்.

இவை யாவும் படித்த இளைஞருக்கு எளியவை. ஆனால் பயணம் செய்பவர் யாவரும் ஆங்கிலத்திற் சிறிய எழுத்தில் அச்சிட்ட விதிகளை வாசிக்கக்கூடியவர் அல்லர். பணிப்பெண்ணாக வளைகுடா செல்லும் தாய்மாரும், பேரப்பிள்ளை காண முதன்முறை கடல் கடக்கும் முதியோரும் அதே வரிசையில் நிற்கின்றனர். ஒவ்வொரு கிராமத்திலும் இதனை அறிந்த பிள்ளைகள் அயலவருக்கு அரைமணி நேரம் செலவிட்டு விதிகளைத் தமிழில் எடுத்துச் சொல்வாராயின், அது பெரிய உதவியாகும். வாசிகசாலையிலோ கோயில் முன்றலிலோ ஒரு மாலைப்பொழுது போதும்.

விலையைக் குறைத்து மக்களை வானில் ஏற்றிய நிறுவனங்கள் பாராட்டுக்குரியன. முழு விலையையும் முதலிலேயே சொல்லிவிட்டால், அவற்றின்மீது எவருக்கும் வருத்தமிராது. அதுவரையில், பெரியகல்லாற்றுத் தாய் தன் முந்திரிப்பருப்பைச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க விரும்பினால், பஸ் ஏறுவதற்கு முன்னரே அதனை நிறுத்துப் பார்த்துவிடுவது நல்லது.